ஒரே வரைபடம், மூன்று விலைப்புள்ளிகள், 31 வித்தியாசம்: எதை எதோடு ஒப்பிடுவது?

வாடகைவீடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தரைத்தளம், முதல் தளம் என்று 160 சதுர மீட்டரில் ஒரு வீடு கட்டப் போகிறேன். வரைபடம் தயார். மூன்று ஒப்பந்ததாரர்களிடம் கொடுத்து விலை கேட்டேன். இங்கே பல நாட்டவர்கள் இருப்பதால் நாணயத்தையும் ஊரையும் விட்டுவிடுகிறேன். மிகக் குறைந்த தொகையை 100 என்று வைத்துக்கொண்டால் மற்ற இரண்டும் 118, 131.

ஒரே மனை, ஒரே வரைபடம். எப்படி 31 வித்தியாசம் வரும் என்று எனக்குப் புரியவில்லை. முதலாமவர் ஒரே ஒரு தாளில், சதுர அடிக்கு இவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்துவிட்டார். இரண்டாமவர் நான்கு பக்கம். மூன்றாமவர் பதினொரு பக்கம். படிக்கவே அச்சமாக இருக்கிறது. மாமனார் முதலாமவரைப் பிடித்துக்கொள் என்கிறார். மனைவி 118 என்கிறார், காரணம் அது நடுவில் இருக்கிறதாம். இணையத்தில் 'சராசரிக் கட்டுமானச் செலவு' என்று தேடினேன். அந்தக் கணக்கில் என் வீடு 140ஐத் தொடுகிறது. யாரை நம்புவது?

கணக்குப்பிள்ளை எழுதியது:

தம்பி, முதலில் அந்த 160 எதன் பரப்பு என்று சொல்லுங்கள். சுவரின் தடிமனோடு சேர்த்தா, உள்ளே கால் வைக்கிற தரை மட்டுமா? பால்கனியை எப்படிக் கணக்கிட்டார்கள்? மொட்டை மாடியில் படிக்கட்டுக்கு மேல் இருக்கிற சிறு அறை சேர்ந்ததா?

முப்பது ஆண்டுகள் அளவுப்பட்டியல், அதாவது ஒரு கட்டடத்தில் எந்த வேலை எவ்வளவு என்ற கணக்கு, எழுதித்தான் சோறு சாப்பிட்டேன். வீட்டுக்காரர்கள் வீதத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேரம் பேசுவார்கள். பரப்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். தொகை என்பது வீதத்தையும் பரப்பையும் பெருக்கி வருவது. வீதத்தில் விட்டதைப் பரப்பில் பிடிப்பது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த வழி. பரப்பை அளக்கும் முறை நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது என்பதால்தான் பன்னாட்டுச் சொத்து அளவீட்டுத் தரநிலைகள் என்று ஒன்றையே உருவாக்கி, 2023இல் எல்லா வகைக் கட்டடங்களுக்கும் ஒரே பதிப்பாக வெளியிட்டார்கள். அப்படியிருந்தும் சதுர அடி என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால் மூன்று நான்கு பரப்புகள் ஒளிந்திருக்கின்றன.

அடுத்தது வடிவம். 10 மீட்டருக்கு 10 மீட்டர் வீடு, பரப்பு 100, சுற்றளவு 40. 20க்கு 5 மீட்டர் வீடு, பரப்பு அதே 100, சுற்றளவு 50. வெளிச்சுவர் 25 சதவீதம் கூடுகிறது. சுவர் கூடினால் அதற்கடியில் அடித்தளம், அதன்மேல் பூச்சு, வண்ணம் எல்லாம் கூடும். சதுர அடி வீதத்துக்கு இது எதுவும் தெரியாது. சிறிய வீட்டுக்குச் சதுர அடிச் செலவு ஏறுவதும் இதனால்தான்: வீடு பாதியானாலும் சமையலறை ஒன்று, குளியலறை ஒன்று, கழிவுநீர்த் தொட்டி ஒன்று வேண்டுமே.

மட்டப்பலகை எழுதியது:

நான் ஒப்பந்ததாரர். இந்த மாதிரி இழைகளில் எங்களைத் திருடர்களாகவே பார்க்கிறீர்கள் என்பதால் பெரும்பாலும் ஒதுங்கிவிடுவேன். ஆனாலும் ஒன்று சொல்லுகிறேன்.

மூன்று பேர் மூன்று விலை சொன்னால் அதில் பாதிக் குற்றம் கேட்டவருடையது. உங்கள் வரைபடத்தில் என்ன இருக்கிறது? அறை அளவு, கதவு, ஜன்னல். தூணில் எத்தனை கம்பி என்று இருக்கிறதா? எந்த டைல்ஸ்? அடித்தள ஆழம் எவ்வளவு? இல்லாததை நாங்கள் ஊகிக்கிறோம். பயந்தவன் கூட்டிப் போடுகிறான். துணிந்தவன் குறைத்துப் போட்டு வேலையைப் பிடித்து, பிறகு 'இது கணக்கில் இல்லை' என்கிறான். நீங்கள் கேட்டது ஒரு வீட்டுக்கு விலை. அவர்கள் தந்தது மூன்று வேறு வீடுகளுக்கு விலை.

வாடகைவீடு எழுதியது:

ஐயா சொன்னபடி மூவரிடமும் தொலைபேசியில் பரப்பைக் கேட்டேன். முதலாமவர் 172 சதுர மீட்டர் என்று போட்டிருக்கிறார். பால்கனியும் படிக்கட்டு மேல்கூரையும் முழுப் பரப்பாகச் சேர்ந்திருக்கின்றன. தொகையை 172ஆல் வகுத்தால் சதுர அடி வீதம் அழகாகக் குறைந்து தெரிகிறது. அந்த வீதத்தைத்தான் மாமனாரிடம் சொல்லியிருக்கிறார்.

மட்டப்பலகை அண்ணா, உங்கள் கோபம் நியாயம். கட்டமைப்புப் பொறியாளரின் வரைபடம் என்னிடம் இல்லை. அது ஒப்பந்ததாரரின் வேலை என்று நினைத்திருந்தேன்.

கோடைமழை எழுதியது:

நான் சந்தித்ததைச் சொல்லுகிறேன். நீங்களாவது தப்பிக்கலாம்.

நானும் மூன்றில் குறைந்ததைத்தான் தேர்ந்தெடுத்தேன். தாளின் அடியில் சிறிய எழுத்தில் நான்கு சொற்கள்: 'மண் நிரப்புதல், இதரம் தனி.' இதரம் என்றால் என்ன என்று கேட்கத் தோன்றவில்லை. வீட்டுத் தரைமட்டத்தைச் சாலையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயர்த்த வேண்டும். அடிப்பரப்பு 80 சதுர மீட்டர். பெருக்கிப் பாருங்கள், 48 கன மீட்டர் மண். அதுவும் கெட்டித்த பிறகு வருகிற அளவு. லாரியில் வருவது உதிரி மண், அதைவிடக் கூடுதலாகவே கொட்ட வேண்டும். ஒவ்வொரு லாரிக்கும் ஓட்டுநர் ஒரு சீட்டு நீட்டுவார். நான் வாசலில் நின்று பென்சிலால் கோடு போட்டு எண்ணினேன். நாலு கோட்டுக்குக் குறுக்கே ஒரு கோடு, அந்தக் காலப் பால் கணக்கு மாதிரி. மூன்றாவது குறுக்குக் கோட்டில் எண்ணுவதை நிறுத்திவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன்.

இதரத்தில் அதன் பிறகு வந்தவை: தற்காலிக மின் இணைப்பு, கட்டுமானத் தண்ணீர், கழிவுநீர்த் தொட்டி, குளியலறை நீர்க்கசிவுத் தடுப்பு, சாரம் கட்டும் கம்பு வாடகை. கடைசியில் நான் கொடுத்தது, முதலில் அதிகம் என்று ஒதுக்கிய ஆளின் தொகையைத் தாண்டிவிட்டது. அவர் தாளில் இவை எல்லாம் வரி வரியாக இருந்தன. வரி அதிகமாக இருந்ததாலேயே விலையும் அதிகம் என்று நினைத்தேன்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

கோடைமழை சொன்னதுதான் பாடம். வாடகைவீடு தம்பி, ஒரு தாள் எடுங்கள். மூன்றாமவரின் பதினொரு பக்கம் பயமுறுத்துகிறது என்றீர்களே, அதையே அளவுகோலாக வையுங்கள். அதில் உள்ள ஒவ்வொரு வரியையும் இடப்பக்கம் எழுதி, மற்ற இருவரிடமும் அந்த வேலை உண்டா, இல்லையா, எவ்வளவு என்று கேளுங்கள். தொலைபேசி வேண்டாம், எழுத்தில். இல்லை என்றால் மற்றவர் போட்ட தொகையை அங்கே ஏற்றுங்கள். கேட்காததை ஒருவர் சேர்த்திருந்தால் கழியுங்கள். மூன்றும் ஒரே வீட்டைச் சொல்லும்வரை கூட்டுத்தொகையைப் பார்க்கவே பார்க்காதீர்கள்.

டைல்ஸ், குழாய், சுவிட்ச், கதவு இவற்றுக்கு 'அடிப்படை விலை' என்று ஒன்று போட்டிருப்பார்கள். சதுர அடிக்கு இந்த விலை வரை டைல்ஸ் எங்கள் செலவு, அதற்குமேல் உங்கள் செலவு என்று பொருள். குறைந்த விலைப்புள்ளி பெரும்பாலும் இங்கேதான் குறைகிறது. அந்த விலைக்குக் கடையில் என்ன கிடைக்கிறது என்று நேரில் போய்ப் பாருங்கள். உங்கள் மனைவி நிச்சயமாகத் தேர்ந்தெடுக்கப் போகிற டைல்ஸின் விலையை மூன்றிலும் ஒரே மாதிரி வைத்து மறுபடி கணக்கிடுங்கள்.

தூரவாசி எழுதியது:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் ஒரு நாட்டில் இருந்துகொண்டு இன்னொரு இடத்தில் கட்டுகிறேன். இடத்துக்கு இடம் கட்டுமானச் செலவை ஒரே எண்ணில் காட்டும் செலவுக் குறியீடு என்று வெளியிடுகிறார்களே, அதை வைத்து விலைப்புள்ளி சரியா என்று பார்க்க முடியாதா? இங்கே குறியீடு 118, அங்கே 94 என்றால் 94ஐ 118ஆல் வகுத்து இங்குள்ள விலையோடு பெருக்கினால் போதாதா?

கணக்குப்பிள்ளை எழுதியது:

பெருக்கலாம். கணக்கு சரி. ஆனால் குறியீட்டின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பெருக்குங்கள்.

அமெரிக்காவில் இன்ஜினியரிங் நியூஸ் ரெக்கார்ட் என்ற இதழ் 1913ஆம் ஆண்டை 100 என்று வைத்து ஒரு கட்டுமானச் செலவுக் குறியீட்டை நடத்துகிறது. உலகம் முழுக்க மேற்கோள் காட்டுவார்கள். அதற்குள் இருப்பவை நான்கே நான்கு: 200 மணிநேரச் சாதாரணக் கூலி, 2,500 பவுண்டு கட்டமைப்பு எஃகு, சிமெண்ட், மரம். குழாய் இல்லை, மின்கம்பி இல்லை, டைல்ஸ் இல்லை, லிஃப்ட் இல்லை. அதே இதழின் கட்டடச் செலவுக் குறியீட்டில் பொருள்கள் அவையே. கூலி மட்டும் 68.38 மணிநேரத் தேர்ந்த தொழிலாளர் கூலி. கூலியின் வகையும் பங்கும் மாறியதால் இரண்டும் வேறு வேறு வேகத்தில் ஏறுகின்றன. இதில் எது உங்கள் வீடு?

ஆர்.எஸ். மீன்ஸ் என்ற அமெரிக்கக் கட்டுமானச் செலவுத் தரவின் நகரக் குறியீடு இன்னும் விரிவானது. 30 அமெரிக்க நகரங்களின் சராசரியை 100 என்று வைக்கிறது. தொழிலாளரின் வேலைத்திறன் வேறுபாடு, போட்டி நிலவரம், அந்தந்த ஊரின் கட்டட விதி ஆகியவை இதில் சேரவில்லை என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். ஒரு விலைப்புள்ளியை மேலும் கீழும் இழுப்பவை பெரும்பாலும் அந்த மூன்றுதான்.

இன்னொரு சிறு விஷயம், பத்திரிகைக்காரர்களும் தவறு செய்வது. குறியீடு 110இலிருந்து 121க்குப் போனால் ஏற்றம் 11 சதவீதம் இல்லை, 10 சதவீதம். புள்ளியும் சதவீதமும் ஒன்றல்ல.

மட்டப்பலகை எழுதியது:

தூரவாசி, நான் இரண்டு ஊர்களில் வேலை செய்தவன். விலை எங்கே மாறுகிறது, எங்கே மாறாது என்று அனுபவத்தில் சொல்லுகிறேன்.

குழாய், சுவிட்ச், வண்ணம், கண்ணாடி இவற்றின் விலை ஊருக்கு ஊர் பெரிதாக ஆடாது. ஆடுவது கனமான, மலிவான பொருள்கள்: ஜல்லி, மணல், செங்கல். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டை 1:1½:3 கலவையில் போட்டால் ஏறத்தாழ எட்டு மூட்டை சிமெண்ட், 0.42 கன மீட்டர் மணல், 0.84 கன மீட்டர் ஜல்லி. சிமெண்ட் எங்கிருந்தாவது வந்துவிடும். ஜல்லிக்குக் குவாரி எத்தனை கிலோமீட்டரில் என்பதுதான் விலை. லாரி காலியாகத் திரும்பும் வாடகையும் உங்கள் தலையில்தான் விழும். ஆகவே மொத்தத் தொகையை ஒரே எண்ணால் பெருக்குவது தவறு. பொருளைத் தனியாக, கூலியைத் தனியாகப் பிரித்துப் பெருக்க வேண்டும்.

கூலியிலும் ஒரு ஏமாற்று இருக்கிறது. ஓர் ஊரில் கொத்தனார் நாட்கூலி 100, ஒரு நாளில் ஒரு கன மீட்டர் கட்டுகிறார். இன்னோர் ஊரில் கூலி 140, ஆனால் 1.6 கன மீட்டர் கட்டுகிறார். கன மீட்டருக்கு வருவது 87.50தான். கூலி அதிகமான ஊரில் கட்டுவேலை மலிவு. கொத்தனார் கையருகே செங்கல் வந்துகொண்டே இருந்தால், சாரம் நேரத்துக்கு ஏறினால், கை நிற்காது. சித்தாள் குறைவான இடத்தில் நல்ல கொத்தனாரும் பாதி நேரம் கரண்டியைத் தட்டிக்கொண்டு நிற்பார்.

மண் மாறினால் எல்லாக் கணக்கும் மாறும். கரிசல் போல மழையில் விரிந்து வெயிலில் சுருங்குகிற மண் என்றால் சாதாரண அடித்தளம் நிற்காது. கீழே குடை விரித்தது போன்ற பைல், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் கான்கிரீட் தூண், போட வேண்டி வரலாம். நிலநடுக்க வாய்ப்பு அதிகமான இடம் என்றால் தூணும் பீமும் சேருகிற இடத்தில் வளையக் கம்பிகளை நெருக்கிக் கட்ட வேண்டும். அதில் எஃகும் கூடும், கம்பி கட்டுபவரின் நேரமும் கூடும். பக்கத்து மனைக்காரர் என்ன கொடுத்தார் என்பது அந்த ஊர்ச் சராசரியைவிட உங்களுக்கு உதவும், அவர் மண்ணும் உங்கள் மண்ணும் ஒன்றாக இருந்தால்.

மூன்றாம்மாடி எழுதியது:

மண் பரிசோதனை செய்யாமல் விலைப்புள்ளி கேட்பவர்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். பிறகு நானும் அப்படித்தான் செய்தேன் என்பது நினைவுக்கு வரும்.

வாடகைவீடு எழுதியது:

இரண்டு வாரம் ஆகிவிட்டது. மண் பரிசோதனை செய்தேன், கட்டமைப்புப் பொறியாளரிடம் கம்பி விவரத்தோடு வரைபடம் வாங்கினேன். அதை மூவருக்கும் கொடுத்துவிட்டு, ஐயா சொன்னபடி இடம் வலமாக ஒரு பட்டியல் போட்டேன். அரசுக்குக் கட்டும் வரியை மூன்றிலும் விலக்கியிருக்கிறேன்.

முதலாமவர் 100இல் தொடங்கினார். மண் நிரப்புதல் 4, நிலத்தடித் தொட்டியும் கழிவுநீர்த் தொட்டியும் 7, நீர்க்கசிவுத் தடுப்பு 3, தற்காலிக மின்சாரமும் தண்ணீரும் 2, டைல்ஸ் முதலியவற்றின் அடிப்படை விலையை எங்கள் தேர்வுக்கு உயர்த்தியதில் 5. மொத்தம் 121. இரண்டாமவர் 118, மண் நிரப்புதல் 4, டைல்ஸ் 1 ஏறி 123. மூன்றாமவர் 131, நான் கேட்காத சுற்றுச்சுவரைச் சேர்த்திருந்தார், அது 8, டைல்ஸ் எங்கள் தேர்வைவிட உயர்ந்த விலை, அதில் 1. கழித்தால் 122.

121, 123, 122. அந்தத் தாளை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். 31 என்று நினைத்த வித்தியாசம் 2. மாமனாரிடம் காட்டினேன். இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

இப்போது வேறு சிக்கல். விலை ஒன்றுதான் என்றால் எதை வைத்து முடிவெடுப்பது?

கணக்குப்பிள்ளை எழுதியது:

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். மூன்றும் இவ்வளவு நெருங்குவது எப்போதும் நடக்காது; ஒன்று மட்டும் வெகுவாகக் கீழே நின்றால் சந்தோஷப்படாமல், எதையாவது விட்டுவிட்டீர்களா என்று அவரையே கேட்க வேண்டும். அந்த விலைக்குக் கட்ட முடியாமல் அவர் பாதியில் விட்டுவிட்டுப் போனால் அடுத்து வருபவர் கூடுதலாகத்தான் கேட்பார். முன்னவர் போட்ட கம்பிக்கும் கான்கிரீட்டுக்கும் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

இனிப் பார்க்க வேண்டியது பணம் கொடுக்கும் கட்டங்கள். மூவரின் கட்ட அட்டவணையையும் இங்கே போடுங்கள்.

வாடகைவீடு எழுதியது:

முதலாமவர்: முன்பணம் 20, அடித்தளம் முடிந்ததும் 20, தரைத்தளக் கூரை 25, முதல் தளக் கூரை 20, பூச்சு 10, சாவி கொடுக்கும்போது 5.

இரண்டாமவர்: முன்பணம் 10, அடித்தளம் 12, தரைத்தளக் கூரை 18, முதல் தளக் கூரை 18, பூச்சு 20, தரையும் வண்ணமும் 17, கடைசி 5 ஓராண்டு கழித்து.

மூன்றாமவர்: மாதந்தோறும் அளந்து பில். ஒவ்வொரு பில்லிலும் 5 சதவீதம் பிடித்து வைத்துக்கொள்ளலாம்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

இப்போது மூன்றாமவரின் பட்டியலைக் கொண்டே ஒரு கேள்வி. முதல் தளக் கூரை போட்டு முடிக்கிறபோது மொத்த வேலையில் எவ்வளவு முடிந்திருக்கும்? அவருடைய வரிகளைக் கூட்டிப் பாருங்கள்.

வாடகைவீடு எழுதியது:

55 அல்லது 56 வருகிறது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

முதலாமவர் அந்தக் கட்டத்தில் உங்களிடமிருந்து 85 வாங்கியிருப்பார். வேலை 55. உங்கள் பணம் 30 அவரிடம் நிற்கிறது. எஞ்சியவை பூச்சு, மின்வேலை, குழாய், தரை, வண்ணம். சில்லறைத் தொல்லைகள் நிறைந்த வேலைகள். அவற்றை முடிக்க அவருக்கு வர வேண்டியது 15 மட்டுமே. நல்ல மனிதராகவே இருக்கட்டும், வேறோர் இடத்தில் புது முன்பணம் கிடைத்தால் ஆட்கள் அங்கே போய்விடுவார்கள். இரண்டாமவர் அதே கட்டத்தில் 58 வாங்குகிறார்.

ஒவ்வொரு வேலைக்கும் தனி வீதம் எழுதி, அளந்து பணம் கொடுக்கிற உருப்படி வீத ஒப்பந்தத்திலும் இதைச் செய்வார்கள். முதலில் வருகிற மண்வேலை, கான்கிரீட் இவற்றின் வீதத்தை உயர்த்தி, கடைசியில் வருகிறவற்றைக் குறைத்து எழுதுவார்கள். கூட்டுத்தொகை மாறாது, பணம் முன்கூட்டியே போய்விடும். இன்னும் கெட்டிக்காரர்கள் உங்கள் அளவுப்பட்டியலில் எந்த அளவு தவறாகக் குறைந்திருக்கிறது என்று கண்டுபிடித்து அதன் வீதத்தை மட்டும் ஏற்றுவார்கள். வேலை நடக்கும்போது அளவு கூடும், லாபமும் கூடும். இந்த உத்தியை நானே பலமுறை கண்டுபிடித்திருக்கிறேன். இரண்டு முறை தவறவிட்டும் இருக்கிறேன்.

மட்டப்பலகை எழுதியது:

ஐயா, அதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. முன்பணமே தர மாட்டேன், முடித்த பிறகுதான் பணம் என்கிறவர்களிடம் நாங்கள் வட்டிக்கு வாங்கித்தான் கம்பி இறக்குகிறோம். அந்த வட்டியும் வீதத்தில் ஏறும். இரண்டாமவரின் அட்டவணை இரு தரப்புக்கும் ஒத்துவருகிற ஒன்று.

இன்னொரு வேண்டுகோள். ஒருவரின் விலைப்பட்டியலை எடுத்துப் போய் மற்றவரிடம் 'இதற்குக் கீழே தருவாயா' என்று காட்டாதீர்கள். பதினொரு பக்கம் எழுத அந்த மனிதர் இரண்டு இரவு உட்கார்ந்திருப்பார். அடுத்த முறை யாருக்கும் ஒரு பக்கத்துக்குமேல் எழுத மாட்டார்.

வாடகைவீடு எழுதியது:

அண்ணா, பட்டியலின் இடப்பக்கத்தை மட்டும்தான் மற்றவர்களுக்கு அனுப்பினேன். தொகையைக் காட்டவில்லை.

மூன்றாம்மாடி எழுதியது:

மொத்தத் தொகை ஒப்பந்தம், உருப்படி வீதம், கூலி மட்டும்: இதில் எது நல்லது? எல்லோரும் வேறு வேறாகச் சொல்லுகிறார்கள்.

கோடைமழை எழுதியது:

கூலி மட்டும் கொடுத்துப் பொருளை நாமே வாங்கினால் மிச்சம் என்பார்கள். என் தங்கை அப்படிச் செய்தாள். சிமெண்ட் குறைந்தால் ஆட்கள் சும்மா நிற்பார்கள், கூலி ஓடும். மிஞ்சினால் மூட்டை இறுகிப் போகும். கம்பி வெட்டி விழுந்த துண்டுகளுக்கு யாரும் பொறுப்பில்லை. ஓராண்டு அவள் வேறு வேலை பார்க்கவில்லை. அந்தச் செலவை எந்தக் கணக்கிலும் எழுதவில்லை.

கணக்குப்பிள்ளை எழுதியது:

வரைபடம் முழுமையாக இருந்து, நடுவில் மனம் மாற மாட்டீர்கள் என்றால் மொத்தத் தொகை. மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்று தெரியாத வேலைக்கு உருப்படி வீதம். இரண்டையும் கலக்கலாம்: தரைக்குக் கீழே அளந்து கொடுப்பது, தரைக்கு மேலே மொத்தத் தொகை. நான் அதைத்தான் விரும்புவேன்.

அளந்து கொடுப்பது என்றால் எந்த முறையில் அளப்பது என்று எழுதிவிட வேண்டும். ஓர் உதாரணம். 1.2 மீட்டருக்கு 1.5 மீட்டர் ஜன்னல், 1.8 சதுர மீட்டர் ஓட்டை. சுவரின் இரு பக்கமும் பூசுகிறோம். ஓட்டையில் பூச்சு இல்லையே, கழிக்க வேண்டாமா? இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1200 சொல்வது இது: அரை சதுர மீட்டர் வரை கழிக்க வேண்டாம், அதற்குமேல் 3 சதுர மீட்டர் வரை ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும், ஓட்டையின் உள்விளிம்பில் பூசுவதற்குத் தனியாகக் கூட்ட வேண்டாம், 3க்கு மேல் இரு பக்கமும் கழித்து, உள்விளிம்பைக் கூட்ட வேண்டும். முறையை எழுதாவிட்டால் ஒருவர் எதையும் கழிக்க மாட்டார். பன்னிரண்டு ஜன்னலுக்கு 21.6 சதுர மீட்டர் பூச்சு, காற்றுக்குப் பணம். உங்கள் நாட்டில் வேறு தரநிலை இருக்கலாம். எதுவானாலும் அதன் பெயர் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

கம்பிக்கும் அப்படியே. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து வர்க்கப்படுத்தி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மில்லிமீட்டர் கம்பி 0.89 கிலோ, 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று ஏறத்தாழ 10.7 கிலோ. பில் இந்தக் கணக்கு எடையிலா, எடைமேடைச் சீட்டிலா? வெட்டி வீணாகும் துண்டு யார் கணக்கில்? இந்த இரண்டு கேள்விக்கும் விடை எழுதாத ஒப்பந்தத்தில் கம்பியால்தான் சண்டை வரும்.

தூரவாசி எழுதியது:

தூரத்தில் இருக்கிறவன் ஜன்னலை எப்படி அளப்பது? அளப்பதற்கு ஒரு பொறியாளரை அமர்த்தினால் அதுவும் செலவுதானே.

மட்டப்பலகை எழுதியது:

செலவுதான். அந்தச் செலவு இல்லாததால்தான் உங்களைப் போன்றவர்கள் அனுப்பும் புகைப்படக் கோரிக்கைகளுக்கு நாங்கள் அழகான கோணத்தில் படம் எடுத்து அனுப்புகிறோம்.

வாடகைவீடு எழுதியது:

முடிவெடுத்துவிட்டேன். இரண்டாமவர். 123 என்பது மூன்றில் மிக அதிகம் என்று தெரிந்தேதான். மூன்றாமவருக்கு ஆட்கள் நான்கு மாதம் கழித்துத்தான் கிடைப்பார்கள் என்றார். மழைக்காலத்தில் குழி தோண்ட எனக்கு மனமில்லை. முதலாமவரிடம் கட்ட அட்டவணையை மாற்றச் சொன்னேன், சிரித்துவிட்டு மறுத்துவிட்டார்.

கையெழுத்துக்கு முன் இரண்டாமவரிடம் ஒன்று கேட்டேன். கூடுதல் வேலை வந்தால் எந்த வீதம் என்று ஒரு பட்டியல் இணைக்க வேண்டும். ஆழம் கூடினால், சுவர் கூடினால், மின்முனை ஒன்று கூடினால். கொஞ்சம் முகம் சுளித்தார். மறுநாள் ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவந்தார், கதவு நிலை மரத்துக்கு மட்டும் வீதம் தர மறுத்துவிட்டு. மரத்தின் விலை அவர் கையில் இல்லை என்றார். அதை நான் வாங்கித் தருவதாக எழுதிக்கொண்டோம்.

மூன்றாமவரிடம் நேரில் போய் நன்றி சொன்னேன். அவர் பட்டியல் இல்லாவிட்டால் எனக்கு எதுவும் புரிந்திருக்காது என்றேன். மகிழ்ந்தாரா, வருந்தினாரா என்று தெரியவில்லை. தேநீர் கொடுத்தார்.

கோடைமழை எழுதியது:

வேலை தொடங்கியதும் இங்கே வந்து சொல்லுங்கள்.

வாடகைவீடு எழுதியது:

தொடங்கிவிட்டது அக்கா. வரைபடத்தில் அடித்தளக் குழி 1.5 மீட்டர். மனையின் கிழக்கு மூலையில் மட்டும் அந்த ஆழத்திலும் மண்வெட்டி சுலபமாக இறங்கியது. பொறியாளர் வந்து பார்த்து இன்னும் தோண்டச் சொன்னார். 1.9 மீட்டரில் கெட்டி மண் வந்தது. மூன்று குழிகளில் 40 சென்டிமீட்டர் கூடுதல். மேஸ்திரி என்னைப் பார்த்தார், நான் பட்டியலைப் பார்த்தேன். 'கூடுதல் ஆழம்' என்ற வரியும் வீதமும் அதில் இருந்தன. அவர் நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு குழிக்குள் இறங்கினார், மறுமுனை என் கையில். எழுதிக் கையெழுத்துப் போட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

மட்டப்பலகை எழுதியது:

படம் எடுத்தீர்களா? கான்கிரீட் விழுந்த பிறகு ஆழத்தை யாராலும் காட்ட முடியாது.

வாடகைவீடு எழுதியது:

எடுத்தேன் அண்ணா. நாடாவின் எண் தெரியும்படி, மூன்று குழியையும்.